டாக்டர் சேபினும் கல்கத்தாக் காய்ச்சலும்

மழை ஓய்ந்து, பூஜை விடுமுறையும் கழிந்த நாட்களில் நம் சங்கத்து அன்பர்கள் ஒருவரையொருவர் சந்திக்குங்கால் முதலில் வினவுவது, வீட்டில் எவருக்கேனும் டெங்குக் காய்ச்சல் கண்டதா என்பதுதான். லேக் கார்டன்ஸில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் இவ்வினாவுக்கு இல்லை என்று விடையிறுக்கும் பேறு பெற்றவை மிகச் சிலவே. சென்ற ஆண்டு நமது மாலைக் கூட்டம் ஒன்றில், தம் மகன் இரண்டாம் முறையும் இக்காய்ச்சலில் விழுந்து எழுந்த துயரைச் சொல்லிவந்த ஓர் அம்மையார், இளம்பிள்ளை வாதத்தை இரண்டு சொட்டு மருந்தால் ஓட்டிவிட்ட மருத்துவ உலகம் இதற்கு மட்டும் ஏன் கைகட்டி நிற்கிறது என்று கேட்டார். கூடியிருந்தோரில் பட்டம் பெற்றோர் பலர் உண்டு. எனினும் ஒருவராலும் தக்க விடை கூற இயலவில்லை. காப்பி வந்தது, பேச்சு வேறு திசையில் சென்றது.

அவ்வம்மையாரின் கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அது ஒரே மனிதரின் வாழ்க்கையில் அடங்கியிருக்கக் கண்டு வியந்தோம். அவர்தாம் டாக்டர் ஆல்பர்ட் சேபின். நம் குழந்தைகள் முகம் சுளிக்காமல் விழுங்கிய அந்தச் சொட்டு மருந்தை உலகுக்கு அளித்தவர் அவர். டெங்குக் கிருமி ஒரே வகையினது அன்று என்பதைச் சோதனையால் மெய்ப்பித்தவரும் அவரே. அதற்கும் மேலாக, அவர் ஆராய்ந்த டெங்குக் கிருமிகளில் சில இந்தக் கல்கத்தா நகரிலிருந்து அவரிடம் போய்ச் சேர்ந்தவை. ஒரு நோயை வென்று, மற்றொன்றை வெல்லாமலே மறைந்த அவரது வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டமைக்குக் காரணம் இதுவே.

சேபின் 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் பியாலிஸ்டாக் என்னும் ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் அன்று ருஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைவு. யூதர்களுக்கு அப்பகுதியில் நேர்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி, 1921-இல் குடும்பத்தார் கப்பலேறி அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்துப் பேட்டர்ஸன் நகரில் குடியேறினர். பிழைப்புக்காக மொழி தெரியாத ஊரில் வந்து இறங்குவது எத்தகையது என்பதை இம்மலரைப் படிப்போருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பல் மருத்துவரான உறவினர் ஒருவர் பையனின் கல்லூரிச் செலவை ஏற்க முன்வந்தார். பையனும் பல் மருத்துவமே படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பணம் கொடுக்கும் மாமா படிப்பையும் தேர்ந்தெடுப்பது உலக வழக்குப் போலும்! இரண்டொரு ஆண்டுகள் அவ்வழியில் நடந்த சேபின், பால் டி குரைஃப் என்பார் கிருமி ஆராய்ச்சியாளர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதி 1926-இல் வெளியான நூலைப் படித்தார். அதன்பின் பல் மருத்துவத்தில் மனம் ஒட்டவில்லை. உறவினரின் உதவி நின்றது. கிடைத்த வேலைகளைச் செய்தும் உதவித்தொகை பெற்றும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1931-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டுக் கோடையில் நியூயார்க் நகரில் இளம்பிள்ளை வாதம் பெருவாரியாகப் பரவியது. நேற்றுவரை ஓடியாடிய பிள்ளைகள் கால் சூம்பிக் கிடப்பதை அந்த இளம் மருத்துவர் கண்டார். அன்று தொடங்கிய ஆராய்ச்சி அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

ஆனால் அதன் தொடக்கம் ஒரு பிழையாகவே அமைந்தது. ராக்பெல்லர் நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், 1936-இல், சேபினும் ஆலிட்ஸ்கி என்பாரும் இளம்பிள்ளை வாதக் கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்க்க முயன்றனர். அது நரம்புத் திசுவில் மட்டுமே வளர்ந்தது. வேறு திசுக்களில் வளரவில்லை. ஆகவே இந்நோய் நரம்பையன்றி வேறிடத்தைத் தீண்டாது என்ற எண்ணம் மருத்துவ உலகில் வலுப்பெற்றது. அவர்கள் கையாண்ட கிருமியோ, குரங்குகளின் மூளையிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டு, நரம்புக்கே பழகிப்போன ஒன்று. பழகிய வீட்டை விட்டு வெளியே வர மறுக்கும் அக்கிருமியைக் கொண்டு அதன் குலம் முழுவதையும் எடைபோட்டதால் வந்த தவறு அது. 1949-இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் ஆகிய மூவரும் நரம்பல்லாத திசுவிலும் அதனை வளர்த்துக் காட்டி, 1954-இல் நோபெல் பரிசு பெற்றனர். சேபினுக்கு அப்பரிசு கடைசிவரை கிட்டவில்லை.

எனினும் தம் கருத்தைத் திருத்திக்கொள்ள அவர் 1949 வரை காத்திருக்கவில்லை. 1939-இல் சின்சினாட்டி நகரின் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்றதும், இந்நோயால் இறந்தவர்களின் உடல்களைச் சோதிக்கலானார். 1941-இல் அவரும் ராபர்ட் வார்டும் வெளியிட்ட ஆய்வில், கிருமி குடலில் மிகுந்து காணப்படுவதைக் காட்டினர். வாய்வழி நுழைந்து குடலில் பெருகும் கிருமியைக் குடலிலேயே தடுக்கலாகாதா என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. அது கனியும் முன்னர் உலகப் போர் குறுக்கிட்டது.

இப்போது நம் கல்கத்தா இவ்வரலாற்றில் புகுகிறது. போர்க்காலத்தில் சீனாவுக்கும் பர்மாவுக்கும் செல்லும் அமெரிக்கப் படைகளுக்கும் தளவாடங்களுக்கும் இந்நகர் பெருந்தளமாக விளங்கியது. குண்டுக்கு அஞ்சாத அச்சிப்பாய்களைப் பகலில் கடிக்கும் ஒரு சிறு கொசு படுக்கையில் கிடத்தியது. பசிபிக் தீவுகளிலும் இதே நிலை. இராணுவம் சேபினை அழைத்து, இதற்கு வழி காணும்படி பணித்தது. 1944-இல் கல்கத்தாவில் காய்ச்சலுற்ற அமெரிக்கச் சிப்பாய்களின் இரத்தமும், ஹவாய், நியூகினித் தீவுகளில் நோயுற்றவர்களின் இரத்தமும் அவருடைய ஆராய்ச்சிக்குக் கிடைத்தன.

டெங்குவை ஆராய்வதில் ஒரு பெருந்தொல்லை உண்டு. சோதனைச்சாலை விலங்குகளுக்கு அக்கிருமியைச் செலுத்தினால், மனிதருக்கு வருவது போன்ற காய்ச்சல் வருவதில்லை. ஆகையால் நியூ ஜெர்ஸிச் சிறையில் இருந்த கைதிகளில் இசைந்தவர்களுக்கு நோயை ஏற்றிச் சோதித்தார்கள். அடைபட்டுக் கிடப்பவன் தரும் இசைவு எவ்வளவு இசைவு என்ற கேள்வியை அக்காலம் கேட்கவில்லை, இக்காலம் கேட்கிறது. இதனை மறைத்து அவர் புகழை மட்டும் எழுதுவது நமக்கு உடன்பாடன்று.

அச்சோதனையில் வெளியான உண்மை இன்றளவும் நம் வீடுகளைத் தொடுவது. கல்கத்தாவிலிருந்து வந்த கிருமியும் ஹவாய்க் கிருமியும் ஒரே இனத்தவை. நியூகினியிலிருந்து வந்தவற்றில் ஒன்று மட்டும் அவற்றை ஒத்திருந்தது; மற்றவை வேறினம். ஓர் இனத்தால் காய்ச்சல் கண்டு தேறியவருக்கு அதே இனத்தை ஓராண்டுக்கு மேல் சென்றபின் ஏற்றினாலும் நோய் வரவில்லை. ஆனால் மற்ற இனத்தை ஏற்றினால் நிலைமை வேறு. முதல் இரண்டு மாத காலத்துக்குள் ஏற்றினால் உடல் தாங்கிக்கொண்டது. அதற்குப்பின் தாங்கும் வன்மை தேய்ந்தது. சில மாதங்கள் சென்றபின் காய்ச்சல் கண்டது. அதாவது, ஒரு டெங்கு மற்றொரு டெங்குவுக்குக் காப்பாகாது. நம் அம்மையாரின் மகனுக்கு இரண்டாம் முறை நோய் வந்ததற்கு விளக்கம், அவன் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

சேபின் அங்கே நிற்கவில்லை. கிருமியைச் சுண்டெலியின் மூளையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி வளர்த்தார். எலிக்குப் பழகப் பழக, அது மனிதனை வருத்தும் ஆற்றலை இழந்தது. அவ்வாறு தளர்ந்த கிருமியை ஏற்றியபோது சிறு தடிப்பும் இலேசான சூடும் கண்டனவேயன்றிக் கடுங்காய்ச்சல் இல்லை. பின்னர் உண்மைக் கிருமியை எதிர்க்கும் வன்மையும் வாய்த்தது. இதனை 1945-இல் ஷ்லெசிங்கர் என்னும் துணைவருடன் வெளியிட்டார். அப்போது டெங்கு தடுப்பூசி இன்னும் சில ஆண்டுகளில் வந்துவிடும் என்று எண்ணியவர்களை நாம் குறைகூற முடியாது. போர் முடிந்தது, சிப்பாய்கள் கப்பலேறினர், சேபினும் தம் பழைய பகையான இளம்பிள்ளை வாதத்துக்குத் திரும்பினார்.

அந்தப் போரில் அவருக்குப் போட்டியாளர் ஒருவர் இருந்தார். ஜோனாஸ் சால்க் என்பவர் கிருமியைக் கொன்று ஊசிமூலம் செலுத்தும் முறையைக் கண்டார். 1955 ஏப்ரல் 12-ஆம் நாள் அம்முறையின் வெற்றி அறிவிக்கப்பட்டபோது அமெரிக்காவில் ஆலயமணிகள் ஒலித்தன. கொன்ற கிருமி இரத்தத்தில் காவல் வைக்குமேயன்றிக் குடல் வாயிலில் போதிய காவல் வையாது என்பது சேபினின் கட்சி. உயிருள்ள, ஆனால் நரம்பைத் தாக்கும் வலிவிழந்த கிருமியை வாய்வழி கொடுத்தால், அது குடலில் குடியேறி இயற்கை நோயைப் போலவே முழுக் காவலையும் அமைக்கும் என்றார். குரங்குச் சிறுநீரகத் திசுக்களில் வளர்த்துப் பொறுக்கி, மூன்று இனங்களுக்கும் மூன்று சாதுவான கிருமிகளைத் தேர்ந்தெடுத்தார். இளம்பிள்ளை வாத ஆராய்ச்சிக்காகவும் மருந்துக்காகவும் அந்நாளில் நம் வட இந்தியக் குரங்குகள் ஆயிரக்கணக்கில் கடல் கடந்து போயின என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். தேர்ந்த கிருமியைத் தாமும் விழுங்கி, மனைவிக்கும் இரு பெண்மக்களுக்கும் கொடுத்தார்.

அமெரிக்காவில் சால்க் ஊசி பரவிவிட்டமையால் அவருக்குப் பெருஞ்சோதனை நடத்த இடமில்லை. இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று அணுகுண்டு காட்டி மிரட்டிய அந்நாட்களில், ருஷ்யாவில் பிறந்த இந்த அமெரிக்கர் தம் கிருமிகளை மாஸ்கோவிலிருந்த மிகாயில் சுமாகோவிடம் ஒப்படைத்தார். 1959-இல் சோவியத் நாட்டில் கோடிக்கு மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் மிட்டாய் வடிவில், அம்மருந்து வழங்கப்பட்டது. 1960 ஏப்ரல் 24-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை சின்சினாட்டிக் குழந்தைகளும் வரிசையில் நின்று அதனைப் பெற்றனர். 1961, 1962-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசு மூன்று இனங்களுக்கும் உரிமம் அளித்தது. சேபின் தமக்கென்று காப்புரிமை எதுவும் கோரவில்லை.

இவ்வெற்றிக்கு அவர் திறமை மட்டும் காரணமன்று. எதிரியின் இயல்பும் காரணம். இளம்பிள்ளை வாதக் கிருமியில் மூன்றே இனங்கள். அவை மனிதனையன்றி வேறு விலங்கை நம்பி வாழ்வதில்லை. அவற்றின் மேற்சட்டை காலத்துக்குக் காலம் பெரிதும் மாறுவதில்லை. குடலிலிருந்து இரத்தம் வழியே நரம்பை எட்டுவதற்குள் உடலின் காவலர் விழித்துக்கொள்ளப் போதிய அவகாசமும் உண்டு. ஒருமுறை வந்து தேறினால் அவ்வினத்துக்கு ஆயுட்காலக் காப்பு உண்டு என்று இயற்கையே காட்டிவைத்திருந்தது. இயற்கை செய்வதைத் தீங்கின்றிச் செய்து காட்டுவதே தடுப்பு மருந்தின் வேலை. இயற்கையே செய்யாததை அதனிடம் எதிர்பார்க்கும்போதுதான் மருத்துவம் தடுமாறுகிறது.

நாம் மாதமொருமுறை தும்மும் சாதாரண ஜலதோஷத்தை எடுத்துக்கொள்வோம். அதனை விளைக்கும் ரைனோ வைரஸ் என்னும் குடும்பத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள. வேறு குடும்பங்களும் உள. மூன்று இனத்துக்கு மூன்று சொட்டு சேர்த்த கை, நூறு இனத்துக்கு எதைச் சேர்க்கும்? மேலும் அது மூக்கின் மேல்தோலிலேயே இரண்டொரு நாளில் வேலையை முடித்துவிடுகிறது. இரத்தத்திலுள்ள காவலர் வாளை உருவுமுன் கள்வன் போய்விடுகிறான். இன்ஃபுளுவென்சாவின் தந்திரம் வேறு. அதன் இனங்கள் சில. ஆனால் அது ஆண்டுதோறும் சட்டையைச் சிறிது மாற்றும், சில வேளைகளில் முற்றிலும் புதுச்சட்டை அணிந்து வரும். 1957 மே மாதத்தில் அத்தகைய புதுக்கிருமி ஒன்று கப்பல் பிரயாணிகளுடன் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. அடுத்த பிப்ரவரிக்குள் இந்தியாவில் பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். அதற்கு முந்திய ஆண்டின் தடுப்பூசி அதன்முன் பயனற்றது. இன்றும் அவ்வூசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

சேபினின் சொட்டு மருந்துகூட நம் நாட்டில் எளிதில் வெல்லவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜான் 1970-களில் ஆராய்ந்தபோது, மேலை நாடுகளில் மூன்று தவணை கொடுத்தால் ஏற்படும் காப்பு, நம் குழந்தைகள் பலருக்கு மூன்று தவணைக்குப் பின்னும் ஏற்படவில்லை என்று கண்டார். நம் பிள்ளைகளின் குடலில் வேறு பல கிருமிகள் முன்னமே இடம்பிடித்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். பேருந்தில் நிற்க இடமில்லாதபோது பயணச்சீட்டு வாங்கியவனும் வெளியே நிற்க வேண்டியதுதானே! ஆகவே திரும்பத் திரும்பக் கொடுக்க நேர்ந்தது. 1995-இல் நாடெங்கும் தொடங்கிய முகாம்களில் இடக்கைச் சுண்டுவிரலில் மையிட்டுக்கொண்ட குழந்தைகள் இன்று நம் சங்கத்தில் தாய் தந்தையராக அமர்ந்திருக்கிறார்கள். இந்தியாவின் கடைசி இயற்கை நோயாளி, நமக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஹௌரா மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறு பெண். நாள் 2011 ஜனவரி 13. மூன்றாண்டு கழித்து, 2014 மார்ச் 27 அன்று, நாடு அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது.

சேபின் அதனைக் காண இருக்கவில்லை. பிற்காலத்தில் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். புற்றுநோய்க்கும் ஒருவகை வைரஸுக்கும் தொடர்பு கண்டதாக அறிவித்து, மறு ஆண்டே சோதனை நிலைக்கவில்லை என்று தாமே திரும்பப் பெற்றார். இத்தகைய நேர்மை உடையவர், தம் சொட்டு மருந்தின் தளர்ந்த கிருமி மிக அரிதாக மீண்டும் வலிவு பெற்று வாதத்தை விளைவிக்கக்கூடும் என்பதை மட்டும் நெடுங்காலம் ஒப்பவில்லை. பெற்ற பிள்ளையின் குற்றம் கண்ணுக்குப் புலப்படாது போலும். அது உண்மை என்று இன்று யாவரும் அறிவர். 1993 மார்ச் 3-ஆம் நாள் வாஷிங்டன் நகரில், 86-ஆம் வயதில் அவர் காலமானார். ஆர்லிங்டன் இராணுவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் போரோடு விட்டுவந்த டெங்கு என்னவாயிற்று? 1956-இல் மணிலா நகரில் மேலும் இரண்டு இனங்கள் கண்டறியப்பட்டு, மொத்தம் நான்காயின. 1963-இல் இக்கல்கத்தாவில் பெருவாரியாகப் பரவி, இரத்தப்போக்குடன் கூடிய கொடிய வடிவத்தையும் காட்டியது. அதே பத்தாண்டுக் காலத்தில் வேலூர் ஆராய்ச்சியாளர்கள் நான்கு இனங்களையும் தமிழ்நாட்டிலேயே கண்டனர். பாங்காக் நகரில் ஸ்காட் ஹால்ஸ்டெட் என்பவர் அதனினும் அச்சந்தரும் ஓர் உண்மையைக் கவனித்தார். முதல் காய்ச்சலைக் காட்டிலும், வேறோர் இனத்தால் வரும் இரண்டாம் காய்ச்சலிலேயே குழந்தைகள் பெரிதும் ஆபத்துக்குள்ளாயினர். முதல் இனத்துக்கென உடல் செய்துவைத்த எதிர்ப்புப் பொருள், இரண்டாம் இனத்தைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் கொல்ல வல்லதாயில்லை. பற்றிய கையோடு அதனை இரத்தத்தின் வெள்ளணுக்களுக்குள்ளே கொண்டுபோய் விடுகிறது. வாயிற்காவலனே திருடனைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லும் விந்தை இது.

ஆதலின் டெங்கு தடுப்பூசி அரைகுறையாக இருந்தால் அது பயனற்றது மட்டுமன்று, தீங்கும் செய்யலாம். நான்கு இனங்களுக்கும் ஒருங்கே, சமமாக, நெடுங்காலத்துக்குக் காப்பளிக்க வேண்டும். இதனை உலகம் 2017-இல் விலைகொடுத்துக் கற்றது. பிலிப்பைன்ஸ் நாட்டில் முந்திய ஆண்டு தொடங்கி எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு தடுப்பூசி போடப்பட்டது. முன்பு டெங்கு வந்தவர்களுக்கு அது நலம் செய்தது. முன்பு வராதவர்களுக்கோ, அவ்வூசியே முதல் காய்ச்சல் போலாகி, பின்னர் வரும் உண்மை நோயைக் கடுமையாக்கக்கூடும் என்று அதனைச் செய்த நிறுவனமே அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தது. திட்டம் நிறுத்தப்பட்டது. அந்நாட்டுத் தாய்மார் அதன்பின் அம்மை ஊசிக்கும் அஞ்சினர் என்பது இதைவிடத் துயரம்.

நம் அம்மையாருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே: மருத்துவ உலகம் கைகட்டி நிற்கவில்லை; அவசரப்பட்டால் பிள்ளைகளுக்கே கேடு என்று அறிந்து, அடியெடுத்து அடி வைக்கிறது. இடையில் நம்மால் ஆவது பூந்தொட்டித் தட்டுக்களையும் மொட்டைமாடித் தொட்டிகளையும் பார்த்துக்கொள்வது. இக்கொசு ஏரியில் பிறக்கிறது என்று ரவீந்திர சரோவரைப் பழிப்போர் நம்மில் பலர். அது பெரும்பாலும் நம் வீட்டுத் துளசி மாடத்தடியில் தேங்கும் தெளிந்த நீரில் பிறக்கிறது. முட்டை ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

2024 ஆகஸ்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மேற்பார்வையில், நாட்டின் 19 இடங்களில், பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு ஒரு டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கப்பட்டது. ஒரே ஊசி, நான்கு இனங்களும் அதில் அடக்கம், ஊசி பெற்றவர்களை இரண்டு ஆண்டுகள் கண்காணிப்பது திட்டம். கிருமியைக் கொல்லாமல் தளர்த்திக் கொடுக்கும் முறையே அதிலும் கையாளப்பட்டிருக்கிறது. எலியின் மூளைக்குப் பதிலாக, கிருமியின் மரபணுவிலேயே ஒரு சிறு துண்டை நீக்கித் தளர்த்தியிருக்கிறார்கள். அதில் இரண்டாம் இனத்துக்கென அமைந்த பகுதியின் மேற்சட்டை, நியூகினித் தீவில் காய்ச்சலுற்ற ஒரு சிப்பாயின் இரத்தத்திலிருந்து 1944-இல் சேபின் பிரித்தெடுத்துவைத்த கிருமியினுடையது.